நீதிபதியின் சம்பளம் (11): கவுன்டி கொடுத்த பணம்

கலிஃபோர்னியாவின் 1879ஆம் ஆண்டு அரசியல் சட்டம், சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகளின் சம்பளத்தைச் சரிபாதியாகப் பிரித்துவைத்தது. ஒரு பாதியை மாநிலம் தரும். மறுபாதியை அந்த நீதிபதியைத் தேர்ந்தெடுத்த கவுன்டி, அதாவது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி, தரும். பெயரில் என்ன மேன்மை இருந்தாலும் சுப்பீரியர் கோர்ட் என்பது சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முதல்நிலை நீதிமன்றம்தான். அதன் கட்டடமும் குமாஸ்தாக்களும் காவலர்களும் கவுன்டியின் செலவு. நீதிபதி பதவிக்கு வாக்களிப்பவர்களும் கவுன்டிக்காரர்களே. கவுன்டிக் கருவூலத்திலிருந்து நீதிபதிக்குப் பணம் போவதில் ஒளிவுமறைவு ஏதும் இருக்கவில்லை. அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த ஏற்பாடு அது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த எழுத்து மாறியது. இன்றுள்ள அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 19ஆம் உட்பிரிவு, சுப்பீரியர் கோர்ட் உள்ளிட்ட பதிவுரு நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கான ஊதியத்தைச் சட்டமன்றமே நிர்ணயிக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்கிறது. கவுன்டிக்கு அதில் இடமில்லை. நீதிபதியின் வரும்படி உள்ளூர் அதிகாரத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. ஒஹையோவின் ஒரு சிற்றூரில் மேயரே நீதிபதியாகவும் அமர்ந்து மதுவிலக்கு வழக்குகளை விசாரித்தார். குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் அபராதத்தோடு வசூலாகும் கட்டணத்தில் அவருக்குப் பங்கு. விடுவித்தால் எதுவும் இல்லை. 1927இல் டூமி எதிர் ஒஹையோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது. 1972இல் ‘மன்ரோவில்’ என்ற இன்னொரு ஒஹையோ ஊரின் வழக்கில் இன்னும் ஓரடி முன்னே சென்றது. அங்கே அபராதம் மேயரின் பைக்குப் போகவில்லை, ஊராட்சியின் வரவில்தான் சேர்ந்தது. ஆனால் ஊராட்சி நிதிக்குப் பொறுப்பானவர் அவரே. அதுவே போதும், அவர் நடுநிலையானவர் அல்லர் என்றது நீதிமன்றம்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி தன் நீதிபதிகளுக்கு மேல்பணம் கொடுத்த விவகாரம் இந்த இரண்டு வழக்குகளின் அச்சில் வார்த்ததுபோல் அமையவில்லை. அங்கே தீர்ப்புக்குத் தீர்ப்பு பணம் கைமாறவில்லை. எந்தத் தரப்பு வென்றாலும் தோற்றாலும் எல்லா நீதிபதிகளுக்கும் ஒரே விகிதத்தில் மாதாமாதம் பணம் வந்தது. இதனால்தான் அந்த விவகாரத்தைப் புரிந்துகொள்வதும் தீர்ப்பதும் கடினமாயின.

1980களில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி தன் நீதிபதிகளுக்கு மாநிலச் சம்பளத்துக்கு மேல் சலுகைகள் கொடுக்கத் தொடங்கியது. சம்பளத்தை மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகையாகச் சட்டம் வைத்திருந்தது. நெவாடா எல்லையில் உள்ள மலைக் கவுன்டியில் வீடு வாங்குகிறவருக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் வீடு வாங்குகிறவருக்கும் ஒரே சம்பளம். பெருநகரத்தின் பெரிய வக்கீல் நிறுவனங்கள் தரும் வருமானத்தை விட்டுவிட்டு நல்ல வக்கீல்கள் நீதிபதி பதவிக்கு வரவேண்டும், வந்தவர்கள் நிலைக்க வேண்டும் என்பது கவுன்டி பின்னாளில் சொன்ன காரணம். அதைப் பொய் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

பணம் எப்படிப் போனது என்பதை 2007ஆம் ஆண்டின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டில் சுப்பீரியர் கோர்ட் நீதிபதி ஒருவருக்கு மாநிலம் நிர்ணயித்திருந்த சம்பளம் சுமார் 1,72,000 டாலர். மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகளை மாநிலம் தனியே கொடுத்தது. இதற்கு மேல் கவுன்டியின் பங்கு தொடங்குகிறது. முதலாவது, ‘மெகாஃப்ளெக்ஸ்’ என்று கவுன்டி பெயரிட்டிருந்த திட்டம். சம்பளத்தில் 19 சதவீதத்தை கவுன்டி ஒதுக்கும். நீதிபதி அதிலிருந்து மருத்துவம், பல், ஆயுள் காப்பீடு என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். செலவழியாத மிச்சத்தை வரி கட்டிவிட்டு ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாம். மாநிலம் ஏற்கெனவே காப்பீடு கொடுத்திருக்கும் ஒருவருக்கு இதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஊகிப்பது சிரமமில்லை. இரண்டாவது, தொழில்திறன் வளர்ச்சிக்கான படி. மூன்றாவது, ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் நீதிபதி போடும் தொகைக்கு ஈடாக கவுன்டி போடும் பங்கு. எல்லாம் சேர்ந்து ஒரு நீதிபதி பெறத் தகுதியான தொகை ஆண்டுக்கு 46,436 டாலர். அதாவது சம்பளத்தில் ஏறத்தாழ 27 சதவீதம். கவுன்டிக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 2.1 கோடி டாலர்.

இடையில் நீதிமன்றங்களின் நிதி அமைப்பே தலைகீழாக மாறியிருந்தது. 1997இல் நிறைவேறிய லாக்யர்–ஐசன்பர்க் சட்டம் விசாரணை நீதிமன்றங்களை நடத்தும் செலவை 58 கவுன்டிகளிடமிருந்து எடுத்து மாநிலத்திடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு வாக்காளர்கள் ஏற்ற 220ஆம் முன்மொழிவு, கவுன்டிகள்தோறும் இருந்த முனிசிபல் நீதிமன்றங்களை சுப்பீரியர் கோர்ட்டுடன் இணைக்க வழிவிட்டது. நீதிமன்றம் இனி கவுன்டியின் துறை அல்ல, மாநிலத்தின் அங்கம். அப்படியானால் கவுன்டி நீதிபதிகளுக்குத் தந்துவந்த சலுகைகள் என்னாவது? 1997ஆம் ஆண்டுச் சட்டம் இதில் அரைக்கண் திறந்திருந்தது. கவுன்டிகள் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும். தன் நீதிபதிகளுக்குச் சலுகை கொடுக்கத் தேர்ந்தெடுக்கும் கவுன்டிக்கு அந்தத் தொகையில் கழிவு கிடைக்கலாம். அவ்வளவுதான். எவ்வளவு கொடுக்கலாம், எந்த அடிப்படையில், எப்போது நிறுத்தலாம் என்று ஒரு வரி இல்லை. பழக்கம் தொடர்ந்தது. பழைய காலத்தில் நீதிமன்றத்தைத் தாங்கிய முதலாளி கொடுத்த பணம், புதிய காலத்தில் நீதிமன்றத்தின் முன் வழக்காடியாக நிற்கும் ஒருவர் கொடுக்கும் பணமாகிவிட்டது. தொகையோ காசோலையோ மாறவில்லை. கொடுப்பவரின் இடம் மாறியதை அப்போது சட்டமன்றமும் சரி, நீதித்துறை நிர்வாகமும் சரி, எழுத்தில் எதிர்கொள்ளவில்லை. இந்த வரலாற்றில் உண்மையான தவறு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி சாதாரண வழக்காடி அல்ல. ஏறத்தாழ 1 கோடி மக்கள் வாழும் பகுதியை ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம் ஆள்கிறது. சிறைகள், ஷெரிஃப், பொது மருத்துவமனைகள், குழந்தைகள் நலத்துறை, சொத்து வரி எல்லாம் அதன் கையில். சிறையில் அடிபட்டவர், பிள்ளையை இழக்கும் பெற்றோர், நிலம் எடுக்கப்பட்டவர் எனத் தினந்தோறும் யாராவது ஒருவர் கவுன்டிக்கு எதிராக அதே நீதிமன்றத்தின் படியேறுகிறார். எதிர்தரப்பு நீதிபதிக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. நீதிபதிகள் ஆண்டுதோறும் நிரப்பும் பொருளாதார நலன் அறிக்கையில் அது இடம்பெற வேண்டிய கட்டாயமும் இல்லை. மாநிலத்தின் அரசியல் சீர்திருத்தச் சட்டம் அரசு அமைப்புகள் தரும் சம்பளத்தை ‘வருமானம்’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டியவர்கள் இந்த விலக்கைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சட்டப்படி மறைக்கவில்லை என்று வாதிட்டவர்களோ, அது வழக்காடிகளுக்குத் தெரியவேண்டிய செய்திதானா என்ற கேள்வியைத் தொடவில்லை.

2006இல் வரி செலுத்துவோர் ஒருவர் கவுன்டி மீது வழக்குத் தொடுத்தார். வாஷிங்டனைச் சேர்ந்த ‘ஜுடிஷியல் வாட்ச்’ என்ற அமைப்பின் வக்கீல்கள் அவருக்காக வாதாடினர். ஸ்டர்ஜன் எதிர் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி என்ற அந்த வழக்கு, நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று சொல்லவில்லை. பொதுப்பணம் சட்ட அதிகாரமின்றிச் செலவாகிறது என்பதே அதன் புகார். விசாரணை நீதிமன்றத்தில் கவுன்டி வென்றது. மேல்முறையீடு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே, சான் டியேகோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றக் கிளைக்குப் போனது. 2008 அக்டோபர் 10 அன்று அது தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. கவுன்டி பொதுப்பணத்தைத் தானம் செய்துவிட்டது, விரயம் செய்துவிட்டது என்ற வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்ல நீதிபதிகளை ஈர்ப்பதும் தக்கவைப்பதும் பொதுநோக்கம்தான் என்றது. ஆனால் சலுகை என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது ஊதியமே, ஊதியத்தைச் சட்டமன்றம் நிர்ணயிக்க வேண்டும், சட்டமன்றம் நிர்ணயிக்கவில்லை, ஆகவே அரசியல் சட்டத்துக்கு முரண். டாலர் கணக்கு ஒவ்வொன்றையும் சட்டமன்றமே எழுத வேண்டும் என்பதில்லை, கொள்கையையும் அளவுகோலையும் வகுத்துக்கொடுத்தால் போதும் என்று ஒரு வழியையும் காட்டியது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த கழிவு அந்த அளவுக்கு வரவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது.

அடுத்த அசைவு சட்டமன்றத்திலிருந்து வந்தது, அதுவும் வழக்கத்தை மீறிய வேகத்தில். 2009 பிப்ரவரியில் கலிஃபோர்னியா சுமார் 4,200 கோடி டாலர் பற்றாக்குறையில் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. வரவு செலவுத் திட்டத்துக்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில், பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் வெட்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், எஸ்பிஎக்ஸ்2 11 என்ற சிறு மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸநெகர் பிப்ரவரி 20 அன்று கையெழுத்திட்டார். 2008 ஜூலை 1 அன்று நீதிபதிகள் உள்ளூரில் என்ன சலுகை பெற்றுக்கொண்டிருந்தார்களோ அதே நிபந்தனைகளில் அது தொடரும் என்றது சட்டம். கவுன்டி நிறுத்த நினைத்தால் 180 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அப்போதும் பதவியில் இருக்கும் நீதிபதிக்கு அவருடைய பதவிக்காலம் முடியும்வரை நிறுத்த முடியாது. மாநிலமெங்கும் சலுகைகளில் உள்ள ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து அந்த ஆண்டு இறுதிக்குள் அறிக்கை தருமாறு, நீதிமன்ற நிர்வாகத்தைக் கவனிக்கும் நீதித்துறைக் குழுவுக்கு உத்தரவும் இருந்தது.

சர்ச்சை மூண்டது 5ஆம் பிரிவில். சட்டம் நடைமுறைக்கு வருமுன் அரசு அமைப்பு ஒன்றின் அதிகாரப்பூர்வ நடவடிக்கையால் நீதிபதிக்குச் சலுகை கொடுத்திருந்தால், அது சட்ட அதிகாரமற்றது என்ற காரணத்தைக் காட்டி எந்த அரசு அமைப்பின் மீதும், அதன் அதிகாரி, ஊழியர் மீதும் பொறுப்பு சுமத்தவோ குற்றவழக்குத் தொடரவோ ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவோ முடியாது என்று அது சொன்னது. கேட்க நியாயமானதே: மேலதிகாரம் கொடுத்ததை நம்பி வாங்கியவரை இருபது ஆண்டு கழித்துத் தண்டிப்பது முறையல்ல. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை என்ற சொல் அங்கே நிற்பது உறுத்துகிறது. கலிஃபோர்னியாவில் நீதிபதிகளின் ஒழுக்கத்தை விசாரிப்பது அரசியல் சட்டத்தால் அமைக்கப்பட்ட தனி ஆணையம். 1960இல் உருவான அது அமெரிக்காவிலேயே இத்தகைய முதல் அமைப்பு. யார்மீது குற்றம், யார்மீது இல்லை என்று அந்த ஆணையம் ஆராய்ந்து சொல்வதற்கு முன்பே சட்டமன்றம் கதவைச் சாத்தித் தாழிட்டது. விசாரணை நடந்து நீதிபதிகள் தூய்மையானவர்கள் என்று முடிவாகியிருந்தால் குற்றச்சாட்டு அங்கேயே அடங்கியிருக்கும். விலக்கு கொடுத்ததால், விலக்கு தேவைப்படுகிற அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம்தான் பரவியது.

அந்தச் சந்தேகத்துக்கு முகமாக நின்றவர் ரிச்சர்ட் ஃபைன். மத்திய நீதித்துறையில் ஏகபோக ஒழிப்புப் பிரிவில் பணியாற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் வரி செலுத்துவோர் சார்பான வழக்குகளை நடத்தியவர். கவுன்டி தரும் பணம் வாங்கும் நீதிபதி கவுன்டி வழக்கை விசாரிக்கக் கூடாது என்பதை வழக்குக்கு வழக்கு எழுப்பினார். மரீனா டெல் ரேயில் கவுன்டிக்குச் சொந்தமான நிலத்தில் எழவிருந்த அடுக்குமாடித் திட்டத்தை எதிர்த்து அருகில் குடியிருந்தவர்களின் சங்கம் தொடர்ந்த வழக்கிலும் அதுவே நடந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி டேவிட் யாஃபி எதிர்தரப்பின் வக்கீல் கட்டணத்தை ஃபைன் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். தொகையை வசூலிப்பதற்காக அவருடைய சொத்துகள் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஃபைன் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு விசாரணை 2008 டிசம்பரில் நடந்தது. அதில் ஃபைன் நீதிபதியையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். கவுன்டியிடமிருந்து பணம் வருவதை யாஃபி ஒப்புக்கொண்டார். அவமதிப்புக்கு ஆளானவரும் அவரே, தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் அவரே.

2009 மார்ச் 4 அன்று, ஷ்வார்ஸநெகரின் கையெழுத்து விழுந்து இரண்டு வாரம் ஆகுமுன், ஃபைன் கவுன்டியின் மத்திய ஆண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ எழுபது வயது. குற்றத்துக்கான தண்டனைக் காலம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வெளியே வரலாம் என்பது ஏற்பாடு. அவர் சொல்லவில்லை. தனிமைச் சிறையில் ஒன்றரை ஆண்டு கழிந்தது. வக்கீல் தொழில் உரிமமும் 2009 தொடக்கத்தில் பறிபோயிருந்தது. நீதிபதிகள் மீது அடிப்படையற்ற வழக்குகளைத் தொடர்ந்து நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது வக்கீல் மன்றத்தின் முடிவு. ஆட்கொணர்வு மனுவை மத்திய மாவட்ட நீதிமன்றமும் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. 2010 செப்டம்பர் 17 அன்று, இனி அடைத்துவைத்தும் இவர் பேசப்போவதில்லை, சிறைவைப்பால் பயனில்லை என்று கண்டு யாஃபியே அவரை விடுவித்தார்.

ஃபைனை வீரராக்குவதும் எளிது, வம்புக்காரராக்குவதும் எளிது. இரண்டையும் பலர் செய்திருக்கிறார்கள். நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று அவர் பயன்படுத்திய கடுஞ்சொல்லை எந்த நீதிமன்றமும் ஏற்றதில்லை. ஏற்கத்தக்க ஆதாரமும் முன்வைக்கப்படவில்லை. கவுன்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால் கூடும், பாதகமாகத் தீர்ப்பளித்தால் குறையும் என்ற தொடர்பு அந்தப் பணத்தில் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி ஸ்டர்ஜன் வழக்கு எழுப்பிய கேள்வி அல்ல. ஸ்டர்ஜன் கேட்டது: இந்தப் பணத்தை அனுமதிக்க யாருக்கு அதிகாரம்? ஃபைன் கேட்டது: வழக்காடி ஒருவரிடம் பணம் பெறுகிற நீதிபதி, யாருடைய அனுமதியோடு பெற்றாலும், அந்த வழக்காடியின் வழக்கைக் கேட்கலாமா? நடுநிலைமையை ஒரு நியாயமான மனிதர் சந்தேகிக்க இடமிருந்தால் நீதிபதி விலக வேண்டும் என்பது கலிஃபோர்னிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 170.1ஆம் பிரிவு. அதை லாஸ் ஏஞ்சலிஸில் நடைமுறைப்படுத்தினால் கவுன்டி வழக்கைக் கேட்க அந்த நீதிமன்றத்தில் ஆளே இருக்கமாட்டார். எல்லா நீதிபதிகளையும் ஒரே தகுதியின்மை தொடும்போது யாராவது ஒருவர் விசாரித்தே ஆகவேண்டும் என்ற தேவை விதி ஒன்று உண்டு. தங்கள் சம்பளம் பற்றிய வழக்கை மத்திய நீதிபதிகள் விசாரிக்கலாமா என்று 1980இல் எழுந்த வில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதிசெய்தது. முதல் கேள்விக்குச் சட்டமன்றம் ஒரு கையெழுத்தில் விடை கொடுத்துவிட முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு அந்தக் கையெழுத்து விடையாகாது.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் உள்ளூர்ப் பணம் என்பதே விநோதமில்லை என்று தெரியும். டெக்சஸில் மாவட்ட நீதிபதிகளுக்கு கவுன்டிகள் மேல்படி கொடுப்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது. 2013இல் அடிப்படைச் சம்பளம் 1,40,000 டாலராக உயர்ந்தபோது கவுன்டிப் படிக்கு உச்சவரம்பு 18,000 டாலர். தொகை தெரியும், வரம்பு தெரியும், யார் அனுமதித்தார் என்பதும் தெரியும். கலிஃபோர்னியாவில் 2009வரை இருபது ஆண்டுகளாக இந்த மூன்றுமே இருக்கவில்லை.

ஸ்டர்ஜன் வழக்கு புதிய சட்டத்தை எதிர்த்து மீண்டும் படியேறியது. 2010 டிசம்பர் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எஸ்பிஎக்ஸ்2 11 செல்லும் என்றது. 2008 ஜூலை 1 என்ற தேதியைக் குறித்து, நிறுத்தும் முறையையும் வகுத்ததால் சட்டமன்றம் ஊதியத்தை நிர்ணயித்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். ஆனால் இது இடைக்கால ஏற்பாடுதான். மாநிலம் முழுவதற்கும் ஒரே சீரான முறையைச் சட்டமன்றம் நியாயமான காலத்துக்குள் கொண்டுவரும் என்று நம்புகிறோம் என்றும் அந்தத் தீர்ப்பு சேர்த்துக்கொண்டது.

சட்டமன்றம் கேட்ட அறிக்கையை நீதித்துறைக் குழு 2009 டிசம்பரிலேயே கொடுத்திருந்தது. ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்பதை அது வரலாறாக விரித்தது: ஒவ்வொரு கவுன்டியும் தன் வசதிக்கும் பேரத்துக்கும் ஏற்பத் தனித்தனியே எடுத்த முடிவுகளின் குவியல். எல்லாரையும் லாஸ் ஏஞ்சலிஸ் அளவுக்கு உயர்த்த மாநிலத்திடம் பணமில்லை. லாஸ் ஏஞ்சலிஸைக் கீழே இறக்கினால் பதவியிலிருப்பவர்கள் ஏற்கமாட்டார்கள். அறிக்கை அப்படியே கிடந்தது.

2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகும் சீரான முறை வரவில்லை. சட்டமன்றம் அந்தத் தீர்ப்பின் எதிர்பார்ப்பை நிறைவேற்றாததால் இடைக்கால ஏற்பாடு செல்லாததாகிவிட்டது என்று மூன்றாம் முறையாக வழக்கு வந்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. முந்தைய தீர்ப்பில் சொன்னது நம்பிக்கைதான், கட்டளை அல்ல. சீரான முறையை எப்போது கொண்டுவருவது என்பது சட்டமன்றத்தின் விருப்பம். 2008 ஜூலை 1 அன்று எந்த கவுன்டியில் எவ்வளவு சலுகை இருந்ததோ அதுவே அளவுகோலாக நீடித்தது. அன்று சலுகை கொடுக்காதிருந்த கவுன்டியின் நீதிபதிக்கு அந்தச் சட்டத்தால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.